பார்மசி டெக்னீசியன்: கம்யூனிட்டி காலேஜில் சேரப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மருந்து வாங்கப் போகிறவர்கள் பார்மசிஸ்ட்டோடு பேசுவது கொஞ்ச நேரம்தான். டாக்டர் அனுப்பிய சீட்டைக் கணினியில் ஏற்றுகிறவர், இன்சூரன்ஸ் மறுத்தால் அதோடு மல்லுக்கட்டுகிறவர், அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து எண்ணி லேபிள் ஒட்டுகிறவர், பையில் போட்டுக் கையில் கொடுக்கிறவர் எல்லோரும் பெரும்பாலும் பார்மசி டெக்னீசியன்களே. பெரிய மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகளைக் கலந்து தயாரிப்பதும் அவர்கள்தான். பார்மசிஸ்ட் சரிபார்த்து ஒப்புதல் தருவார். அதுவரை மருந்து டெக்னீசியனின் கையில் இருக்கிறது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி இந்த வேலையின் நடு ஊதியம் ஆண்டுக்கு 40,300 டாலர். ஐ.டி. சம்பளம் பார்த்த வீடுகளில் இது சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் நான்கு வருடப் பட்டம் கேட்காமல், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடிகிற படிப்பு இது. எந்த ஊருக்கு மாறினாலும் மருந்தகமும் மருத்துவமனையும் இருக்கும். குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள், ஹைஸ்கூல் முடித்துவிட்டு மருத்துவத் துறையை உள்ளிருந்து பார்க்க விரும்பும் பிள்ளைகள், ஊரில் பி.பார்ம். படித்துவிட்டு இங்கே வந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் ஆகிய மூவகையினரை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

பி.பார்ம். படித்தவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் படித்தவர் இங்கே பார்மசிஸ்ட் ஆக, எஃப்.பி.ஜி.இ.சி. என்ற தகுதிச் சான்றைப் பெற வேண்டும். 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் நான்காண்டு பி.பார்ம். அங்கேயே நின்றுவிடுகிறது. ஆறாண்டு பார்ம்.டி. படித்தவர்களுக்கு வழி உண்டு. மற்றவர்கள் இதே துறையில் தொடர நினைத்தால் டெக்னீசியன் வேலைதான் உடனடியான வாசல். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். மருந்தியல் ஏற்கெனவே தெரிந்தவர் மருத்துவமனை மருந்தகத்தில் சீக்கிரம் மேலே வருகிறார்.

உங்கள் மாநிலம் என்ன கேட்கிறது

காலேஜ் விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மாநிலத்தின் பார்மசி போர்டு இணையதளத்தைத் திறந்து, டெக்னீசியன் உரிமத்துக்கான பக்கத்தை முழுவதும் படியுங்கள். இந்த வேலைக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. டெக்சஸில் முதலில் பயிற்சி டெக்னீசியன் என்று பதிவு செய்துகொண்டு மருந்தகத்தில் வேலையைத் தொடங்கலாம். அந்தப் பதிவு இரண்டு ஆண்டுக்குத்தான். அதற்குள் தேசியத் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் உரிமம் பெறப் பல வழிகள் உண்டு: பார்மசி டெக்னாலஜியில் அசோசியேட் பட்டம், அங்கீகாரம் பெற்ற பயிற்சி, தேசியச் சான்றிதழ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில் அங்கீகரித்த பயிற்சியும் வேண்டும், தேசியத் தேர்வும் வேண்டும். டாலஸில் இருக்கும் தோழி செய்ததை அப்படியே சியாட்டிலில் செய்தால் காசும் போகும், ஆறு மாதமும் போகும்.

அடுத்தது விசா. எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம். வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கணவன் அல்லது மனைவியின் ஐ-140 ஒப்புதலாகியிருந்தால் எச்-4 காரர்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி 2015-ல் வந்தது. அந்த வேலை அனுமதி அட்டை கையில் இல்லாமல் படிப்பை முடித்தால் சான்றிதழ் மட்டும்தான் இருக்கும். ஆகவே அனுமதி எப்போது வரக்கூடும் என்று கணக்குப் பார்த்துச் சேருங்கள். மத்திய அரசின் கல்வி உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் உண்டு, எச்-4 காரர்களுக்கு இல்லை. படிப்பின் பகுதியாக மருந்தகத்தில் செய்யும் பயிற்சிக்கு உங்கள் விசா இடம் தருகிறதா, உள்ளூர்வாசிக் கட்டணமா வெளியார் கட்டணமா என்ற இரண்டையும் காலேஜின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

காலேஜ் தேவையா

நேர்மையான பதில், எல்லோருக்கும் தேவையில்லை. சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ் போன்ற பெரிய மருந்துக்கடைச் சங்கிலிகள் ஆளை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, தங்கள் பயிற்சித் திட்டத்திலேயே தேர்வுக்குத் தயார் செய்கின்றன. உங்கள் மாநிலம் அதற்கு இடம் கொடுத்து, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வேலை கிடைத்தால் போதும் என்று நீங்கள் நினைத்தால், முதலில் அங்கே விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் மிச்சம்.

மருத்துவமனை வேலை வேண்டுமென்றால் நிலைமை வேறு. நரம்பில் ஏற்றும் மருந்தைக் கலக்கும் பயிற்சி இல்லாதவரை அங்கே எடுக்கத் தயங்குவார்கள், அந்தப் பயிற்சி கடையில் கிடைக்காது. நல்ல கம்யூனிட்டி காலேஜின் மதிப்பு அதன் ஆய்வுக்கூடத்திலும், அது ஏற்பாடு செய்து தரும் மருத்துவமனைப் பயிற்சியிலும் இருக்கிறது. புத்தகப் பாடத்தை நூலகத்தில் உட்கார்ந்துகூடப் படித்துவிடலாம்.

தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கம்யூனிட்டி காலேஜைப் போலப் பல மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு அதே தேர்வுக்குத்தான் அவை தயார் செய்கின்றன. எவரெஸ்ட் என்ற பெயரில் இத்தகைய பள்ளிகளை நடத்திய கொரிந்தியன் நிறுவனம் 2015-ல் ஒரேயடியாக மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் கடனோடு நடுத்தெருவில் நின்றார்கள். வரிப்பணத்தில் நடக்கும் காலேஜ் உங்கள் ஊரில் இருக்கும்போது அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

காலேஜிலும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ், ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜ், கலிஃபோர்னியாவில் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில் காலேஜ், வட கரோலினாவின் டர்ஹம் டெக் என்று நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் இந்தப் படிப்பை நடத்தி வந்த கல்லூரிகள் பல. ஆனால் ஒரே காலேஜின் பெயரில் இருவிதப் படிப்புகள் இருக்கலாம். ஒன்று அந்தக் காலேஜின் ஆசிரியர்களே வகுப்பும் ஆய்வுக்கூடமும் நடத்துவது. இன்னொன்று வெளி நிறுவனம் தயாரித்த ஆன்லைன் பாடத்தைக் காலேஜ் தன் பெயரில் விற்பது. இரண்டாவதில் ஒரு மாத்திரையைக்கூட நீங்கள் கையால் தொட மாட்டீர்கள். தவிர, சில காலேஜ்களில் இந்தப் படிப்பு தொடர்கல்விப் பிரிவில் இருக்கும். அங்கே கிரெடிட் கிடைக்காது. பின்னால் அசோசியேட் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வழியிருக்காது, கல்வி உதவியும் பொதுவாக வராது. சேர்க்கை ஆலோசகரிடம் நேராகக் கேளுங்கள்: கிரெடிட் உண்டா? ஆய்வுக்கூடம் எத்தனை மணி நேரம்? வெளிப்பயிற்சிக்கு நீங்கள் இடம் பிடித்துத் தருவீர்களா, நானே தேட வேண்டுமா? மருத்துவமனையில் பயிற்சி உண்டா? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வு எழுதித் தேறினார்கள்?

‘நீங்களே தேடிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் இடத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஏ.எஸ்.எச்.பி. என்ற அமைப்பு, ஏ.சி.பி.இ. என்ற அமைப்போடு சேர்ந்து இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அந்தப் பட்டியல் ஏ.எஸ்.எச்.பி. தளத்தில் இருக்கிறது. அடிப்படை நிலை அங்கீகாரத்துக்குக் குறைந்தது 400 மணி நேரப் பயிற்சி, மேல்நிலைக்கு 600 மணி நேரம் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். அந்த 400-இல் 130 மணி நேரமாவது உண்மையான மருந்தகத்தில் நின்று கற்க வேண்டும். உங்கள் காலேஜ் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் மாநிலம் ஏற்கலாம். ஆனால் வேறு மாநிலத்துக்கு மாறும்போது சிக்கல் வரலாம். எச்-1பி குடும்பங்கள் எத்தனை முறை ஊர் மாறுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

வகுப்பில் என்ன நடக்கும்

முதல் சில வாரங்கள் மருந்துப் பெயர்கள். அதிகம் எழுதப்படும் 200 மருந்துகளின் வணிகப் பெயர், பொதுப்பெயர், எதற்குத் தருவது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பட்டியலாக உருப்போடாமல் பெயரின் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பிரில்’ என்று முடிந்தால் ரத்த அழுத்தத்துக்கான ஒரு வகை, ‘சார்ட்டன்’ என்றால் இன்னொரு வகை, ‘ஸ்டாட்டின்’ என்றால் கொழுப்பு, ‘பிரசோல்’ என்றால் பெரும்பாலும் வயிற்று அமிலம். இப்படிப் பிரித்தால் 200 பெயர்கள் இருபது முப்பது குடும்பங்களாகிவிடும்.

ஊரில் மருந்துப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. நம் பாரசிட்டமால் இங்கே அசெட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இங்கே அல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின் ஆகிறது, ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின் ஆகிறது, சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு கிளைபுரைடு ஆகிறது. இவற்றைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் தங்கள் மாத்திரை அட்டையைக் கவுண்டரில் நீட்டும்போது அந்த ஒரு பக்கம் பார்மசிஸ்ட்டுக்கும் உதவும்.

ஒலியில் குழப்பும் ஜோடிகள் அதைவிட ஆபத்தானவை. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் படபடப்புக்கும் தருவது, ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு. பியூப்ரோபியான் மனச்சோர்வுக்கு, பஸ்பிரோன் பதற்றத்துக்கு. அதனால்தான் லேபிளிலும் கணினித் திரையிலும் இந்தப் பெயர்களின் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். தமிழில் ப ஒன்றே ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கும் வந்துவிடுவதால், தொலைபேசியில் மருந்துப் பெயர் கேட்கும்போதும் சொல்லும்போதும் நம்மவர்கள் எழுத்துக்கு எழுத்து உச்சரித்து உறுதிசெய்துகொள்வது நல்லது. பாஸ்டனின் முதலெழுத்தா, பீட்டரின் முதலெழுத்தா என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அனுபவசாலிகளும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

கணக்கு என்றதும் பலர் பயப்படுகிறார்கள். வேண்டியதெல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் தப்பே வரக் கூடாது. ஒரு குழந்தையின் எடை 44 பவுண்டு. ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு, ஆக 20 கிலோ. டாக்டர் அமாக்சிசிலினை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 40 மி.கி. வீதம், இருவேளையாக, பத்து நாளைக்கு எழுதியிருக்கிறார். நாளுக்கு 800 மி.கி., ஒரு வேளைக்கு 400. கையில் இருக்கும் திரவ மருந்து 5 மி.லி.யில் 400 மி.கி. உள்ளது என்றால் ஒரு வேளைக்கு 5 மி.லி., மொத்தம் 100 மி.லி. பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் அந்தக் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து போகும். நீங்கள் அளவை முடிவு செய்யப் போவதில்லைதான். ஆனால் கணக்குத் தெரிந்தவருக்கே சீட்டில் இருக்கும் தப்பு கண்ணில் படும்.

‘எத்தனை நாளைக்கு வரும்’ என்ற கணக்கும் அப்படித்தான். இன்சுலின் பேனா ஒன்றில் 3 மி.லி., மி.லி.க்கு 100 யூனிட். ஐந்து பேனா கொண்ட பெட்டியில் 1,500 யூனிட். காலை 25, இரவு 25 யூனிட் போடுகிறவருக்கு அது 30 நாள். அவசரத்தில் 90 நாள் என்று தட்டிவிட்டால், அடுத்த மாதம் அவர் வரும்போது ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று 79-ஆம் எண் மறுப்பை இன்சூரன்ஸ் அனுப்பும். வீட்டில் இன்சுலின் தீர்ந்துபோன நோயாளி வெறுங்கையோடு கவுண்டரில் நிற்பார். 70 என்றால் அந்த மருந்துக்கு இன்சூரன்ஸ் பணம் தராது, 75 என்றால் டாக்டர் முன்அனுமதி வாங்க வேண்டும். காலேஜ்களில் இந்த இன்சூரன்ஸ் பகுதியைப் பெரும்பாலும் மேலோட்டமாகத்தான் நடத்துகிறார்கள். கடையிலோ பாதி நாள் அதிலேயே போகும். வெளிப்பயிற்சியின்போது இதை வலியக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

சட்டப் பாடத்தில் 1970-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட போதைமருந்துச் சட்டம்தான் மையம். இரண்டாம் அட்டவணை மருந்துக்கு மறுநிரப்பல் கிடையாது. மூன்றாம், நான்காம் அட்டவணைகளுக்கு எழுதிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஐந்து முறை வரை. இவற்றை எழுதும் டாக்டருக்கு டி.இ.ஏ. எண் இருக்கும்: இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். அது போலியா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. 1234563 என்று வைத்துக்கொள்வோம். முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களைக் கூட்டினால் 9. இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்களைக் கூட்டினால் 12, அதன் இரு மடங்கு 24. இரண்டையும் சேர்த்தால் 33. அதன் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் 3. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் சத்தம் போடாமல் பார்மசிஸ்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பொருந்தினாலும் சீட்டு உண்மையானது என்று ஆகிவிடாது. கணக்குத் தெரிந்த மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கற்பது

மாத்திரை எண்ணுவதைத் தட்டும் தகட்டுக்கரண்டியும் கொண்டு பழக்குவார்கள். ஐந்தைந்தாக ஓரத்துக் குழிக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மூலப் பாட்டிலில் மருந்தை அடையாளம் காட்டும் என்.டி.சி. எண்ணும் லேபிளின் எண்ணும் ஒன்றுதானா என்று ஸ்கேன் செய்தபிறகே எண்ணத் தொடங்க வேண்டும். பென்சிலின் வகை, சல்ஃபா வகை எண்ணியபின் தட்டைத் துடைக்காமல் அடுத்த மருந்தைக் கொட்டக் கூடாது. ஒட்டியிருக்கும் துகளே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும்.

ஆய்வுக்கூடத்தின் உயிர்ப்பகுதி, கிருமி நீக்கிய சூழலில் ஊசி மருந்து கலக்கும் பயிற்சி. வடிகட்டிய காற்று உள்ளிருந்து உங்களை நோக்கி வீசும் மேடை ஒன்று இருக்கும். நகத்தைச் சுத்தம் செய்து, முழங்கை வரை குறைந்தது 30 வினாடி கழுவி, அங்கி, தலையுறை, முகக்கவசம், கையுறை அணிந்துதான் அதன் முன் உட்கார முடியும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மேடையைத் துடைத்துக் காயவிட வேண்டும். மேடையின் விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே தள்ளித்தான் வேலை. காற்று வரும் திசைக்கும் மருந்துக் குப்பியின் வாய்க்கும் நடுவே உங்கள் விரல் வந்தால் ஆசிரியர் நிறுத்தச் சொல்லுவார், முதலிலிருந்து செய்ய வேண்டும். பத்து முறை நிறுத்தினாலும் மனம் தளராதீர்கள். இந்தக் கைப்பழக்கம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

நம் பெண்களுக்கு இதில் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் உண்டு. வெளியே தெரியும் நகை எதுவும் அந்த அறைக்குள் கூடாது. வளையல், மோதிரம், தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். முகப்பவுடர், கண்மை, நகப்பூச்சுக்கும் தடை. குங்குமமும் இதில் அடங்கும். பல வருடமாகக் கழற்றாத மூக்குத்தியைத் திடீரென்று கழற்றுவது சுலபமல்ல. தாலியை அங்கிக்குள் வைத்துக்கொள்ள விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2006-ல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் எமிலி ஜெர்ரி என்ற இரண்டு வயதுக் குழந்தை புற்றுநோய்ச் சிகிச்சையின் கடைசிச் சுற்றில் இருந்தாள். அவளுக்குத் தயாரித்த கரைசலில் உப்பு 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும். 20 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. கலந்தவர் ஒரு டெக்னீசியன். சரிபார்த்த பார்மசிஸ்ட்டின் கண்ணிலும் அது படவில்லை. குழந்தை இறந்துபோனாள். அன்றைக்கு அந்த மாநிலத்தில் டெக்னீசியனுக்குப் பயிற்சியோ தேர்வோ வேண்டும் என்று சட்டம் இல்லை. அவளுடைய பெயரிலேயே எமிலி சட்டம் 2009-ல் வந்தது. உங்கள் ஆசிரியர் உப்புக் கரைசல் பையின் லேபிளை மூன்று முறை படிக்கச் சொல்லும்போது அலுத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிப்பயிற்சியில் நாவை அடக்குவதும் பாடம்தான். நீங்கள் தமிழ் பேசுவது தெரிந்ததும் வரிசையில் நிற்கும் பெரியம்மா ஒருவர், “ஏம்மா, இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா? ஊர்ல குடுத்த பிரஷர் மாத்திரையும் கூடப் போடலாமா?” என்று கேட்பார். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். ஆனாலும், “இருங்கம்மா, பார்மசிஸ்ட்டக் கூப்பிடறேன், அவரே சொல்லுவார்” என்பதுதான் சரியான பதில். மருந்து பற்றி ஆலோசனை சொல்வது சட்டப்படி பார்மசிஸ்ட்டின் வேலை. பி.பார்ம். படித்தவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அதேபோல், கவுண்டரில் பார்த்த யாருடைய மருந்தையும் பற்றி வீட்டில்கூடப் பேசக் கூடாது. தமிழ்ச் சங்கமும் கோவிலும் ஒரே கூட்டமாக இருக்கும் ஊர்களில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

தேர்வு

தேசியத் தேர்வுகளில் பி.டி.சி.பி. என்ற அமைப்பு நடத்தும் தேர்வையே அதிகம் பேர் எழுதுகிறார்கள்; என்.எச்.ஏ. என்ற அமைப்பு நடத்தும் எக்ஸ்.சி.பி.டி. இன்னொன்று. இரண்டையும் உங்கள் மாநிலம் ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2020 முதல் பி.டி.சி.பி. தேர்வுக்கு, அது ஏற்ற பயிற்சித் திட்டம் ஒன்றை முடித்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக 500 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். 90 கேள்விகள், 1 மணி 50 நிமிடம். அதில் 80 கேள்விகளுக்கே மதிப்பெண். 1,000 முதல் 1,600 வரையான அளவில் 1,400 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 129 டாலர். விண்ணப்பிக்கும்போது மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். மருந்துகள் பற்றிய பகுதிதான் பெரியது. படிப்பு முடிந்த சூட்டோடு எழுதுங்கள். தள்ளிப்போட்டால் 200 பெயர்களும் மங்கிவிடும். சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 20 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பிளஸ் டூ சான்றிதழில் இனிஷியலாக இருக்கும், டிரைவிங் லைசென்ஸில் வேறொரு வரிசையில் இருக்கும். தேர்வு மையத்தில் அடையாள அட்டைப் பெயரும் பதிவு செய்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். காலேஜ், பார்மசி போர்டு, தேர்வு மூன்றிலும் முதல் நாளிலிருந்தே அடையாள அட்டையில் உள்ளபடி ஒரே மாதிரி எழுதுங்கள். பிளஸ் டூ சான்றிதழுக்கு மதிப்பீட்டு அறிக்கை கேட்டால் அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

சேர்வதற்கு முன்பே தொடங்க வேண்டியவை

வெளிப்பயிற்சிக்கு அனுப்பும் முன் குற்றப் பின்னணிச் சோதனையும் போதைப்பொருள் சோதனையும் நடக்கும். மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் இங்கே அது தேறாது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கோடீன் கலந்த இருமல் மருந்தைக் குடித்துவிட்டுப் போனாலும் சிக்கல்தான்.

தடுப்பூசி ஆவணங்கள் அதைவிட அதிகம் இழுத்தடிக்கும். காசநோய்க்குத் தோல் சோதனை கேட்பார்கள். இந்தியாவில் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டுக்கொண்ட நமக்கு அது நோயே இல்லாமலும் ‘உண்டு’ என்று காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைச்சல். அதற்குப் பதிலாக ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தச் சோதனையை ஏற்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, சின்னம்மைக்குச் சின்ன வயது அட்டை தொலைந்திருந்தால் எதிர்ப்பாற்றல் ரத்தச் சோதனை செய்து அந்த அறிக்கையைக் கொடுக்கலாம்.

ஹெப்படைட்டிஸ்-பி மட்டும் காத்திருக்க வைக்கும். வழக்கமான மூன்று ஊசிகளும் முடிய ஆறு மாதம் ஆகும். பெரியவர்களுக்கான ஹெப்லிசாவ்-பி என்ற இரண்டு ஊசித் தடுப்பு மருந்து ஒரே மாத இடைவெளியில் முடிந்துவிடும். டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது, வெளிப்பயிற்சி ஜனவரியில் என்றால், மூன்று ஊசி போடுகிறவர் முதல் ஊசியை ஜூன் மாதமே போட்டிருக்க வேண்டும்.